விரலோடு போன ‘க’

வலது கை மோதிர விரலை மட்டும் தனியாக நீட்டிப் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு காக்கித் துணிப்பை, உதட்டில் வெற்றிலைச் சிவப்பு. விரல் கதவிடுக்கில் நசுங்கியிருக்கும் என்று நினைத்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

“விரல்ல என்னண்ணே, அடியா?”

“அடியெல்லாம் இல்ல தாயி. இந்த வெரலுதான் எங்கப்பாரு பேரைத் தின்னுருச்சு.”

நான் பழைய காகிதங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள். மனிதர்களுக்குப் பார்ப்பதில்லை என்று கீழே ஒரு போர்டு எழுதி மாட்டச் சொல்லி என் கணவர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருநகரில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு கிளினிக்குகள் இருப்பதால், இருமலோடு மாடியேறி வருகிறவர்கள் உண்டு. அன்றைக்கு அந்த போர்டு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று ஒரு கணம் நினைத்தேன்.

நல்லவேளையாக, பின்னால் ஏறி வந்த பெண் பேசத் தொடங்கினார். அவர் பெயர் செல்வராணி, மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விரல் மனிதர் அவருடைய பெரியப்பா முத்தையா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் ஊர் திருவாதவூர்.

செல்வராணி கைப்பையிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பாலிதீன் கவரை எடுத்தார். அதற்குள் பழுப்பேறிய ஒரு தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. அடியில் ஒரு கையெழுத்து, அதன் மேலேயும் மஞ்சள். கையெழுத்தின் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை.

சுண்டலோடு போனது

நடந்தது இதுதான். அந்தக் குடும்பத்தில் ஆயுத பூஜை அன்று அரிவாள், மண்வெட்டி, மோட்டார் சைக்கிள், செல்வராணியின் சாக்பீஸ் டப்பா, முத்தையா அண்ணனின் பழைய விசில் இவற்றோடு இந்தத் தாளையும் சாமி முன்னால் வைப்பார்கள். முத்தையா அண்ணன் மூலைகளுக்கு மஞ்சள் வைத்துவிட்டு, கடைசியாகத் தன் அப்பாவின் கையெழுத்து மேல் ஒரு பொட்டு வைப்பார். குங்குமம் எழுத்தை மறைத்துவிடும் என்பதால் ஈர மஞ்சள் மட்டும். நினைவு தெரிந்த நாளாக இதுதான் வழக்கம்.

இந்த வருடம் பொட்டு வைத்து விரலை எடுத்தபோது, எழுத்தும் விரலோடு வந்துவிட்டது.

அவர் கவனிக்கவில்லை. விரலை வேட்டியில் துடைத்தாரா, அப்படியே சுண்டல் எடுத்துச் சாப்பிட்டாரா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. ஓட்டையைச் செல்வராணி பார்த்துச் சொன்னபோது பெரியவர் சுண்டலை முடித்துவிட்டு இலையை மடக்கிக்கொண்டிருந்தாராம்.

“அப்பாரு பேரைச் சுண்டலோட தின்னுப்புட்டேன்” என்றார் என்னிடம். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் தம்ளரை அந்த ஒரு விரலை விலக்கிப் பிடித்துத்தான் குடித்தார். பூஜை முடிந்து வந்த நாளெல்லாம் சோறும் அப்படியே உண்கிறாராம்.

கடுக்காயும் அன்னபேதியும்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். கரையானைப் பற்றி நான் முன்பு இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, ‘அந்துருண்டை போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா’ என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கரையானுக்கே ஆகாது. இந்தச் சீக்குக்கு அறவே ஆகாது. இதில் பூச்சியே கிடையாது. எழுத்தே தாளைத் தின்கிறது.

அந்தக் காலத்து மை எப்படிச் செய்தார்கள் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பாதி சாமான் அங்கேயே கிடைத்துவிடும். கடுக்காயை இடித்துக் காய்ச்சிய துவர்ப்புத் தண்ணீர், அதில் அன்னபேதி, கெட்டிப்பட கருவேலம் பிசின். அன்னபேதி என்பது பச்சை நிறத்தில் கற்கண்டு மாதிரி இருக்கும் இரும்பு உப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் அழிக்க முடியாத கறுப்பு. சீமையிலிருந்து புட்டியில் வந்த மையும் இதே சங்கதிதான், காய் மட்டும் வேறு.

முதன்முதலில் நான் ‘அன்னபேதி வேண்டும்’ என்று கீழமாசி வீதியில் ஒரு கடையில் கேட்டபோது, கூட வந்த என் கணவர் என்னைத் தள்ளிக் கொண்டுபோய், “வயிறு சரியில்லன்னா டாக்டரைப் பாக்கலாம்ல, கடையில நின்னு சத்தமாப் பேதி மருந்து கேக்கணுமா” என்றார். வங்கி அதிகாரியாக இருந்தவர். கௌரவம் ஜாஸ்தி. சித்த வைத்தியத்தில் அது ரத்தம் ஊற உதவும் மருந்தாகிறது என்று பிறகு விளக்கிச் சொன்னேன், நம்பவில்லை.

அழிக்க முடியாத மைதான், ஆனால் இரும்பு சும்மா இருக்காது. மையிலுள்ள அமிலம் ஒரு பக்கம், ஒட்டாமல் மிஞ்சி நிற்கும் இரும்பு ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து தாளின் நாரை அரிக்கும். காற்றில் ஈரம் பட்டால் வேகம் கூடும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம், பிறகு பின்பக்கம் தெரியும், பிறகு விரிசல், கடைசியில் பிளேடால் நறுக்கி எடுத்தது போல எழுத்து உதிர்ந்துவிடும். மை எங்கே அதிகமோ அங்கே சீக்கிரம்.

வருடாவருடம் ஈர மஞ்சளில் ஒரு பொட்டு என்பது இந்தச் சீக்குக்குச் சாப்பாடு போட்டு வளர்த்த மாதிரி. இதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் வாயும் நிற்காது. அன்றைக்கு அந்த நீட்டிய விரலைப் பார்த்தபின் வரவில்லை.

கைநாட்டுகள் நலம்

தாளில் ரகசியம் ஒன்றும் இல்லை. ‘எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் கிணறு வெட்டித் தர வேண்டும்’ என்று ஒரு மனு. கூலி வேலை பார்த்த குடும்பங்கள் சேர்ந்து, எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எழுதி வாங்கியது. போன இடத்திலிருந்து ஓரத்தில் ஏதோ கிறுக்கலோடு திரும்பி வந்துவிட்டது. கிணறு பிறகு வேறு வழியில் வந்ததாம். அதைச் சொல்லும்போது முத்தையா அண்ணன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. திரும்பி வந்த மனுவைச் சாமி முன்னால் வைக்கிற குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடியில் வரிசையாகக் கைநாட்டுகள். விளக்குக்கரி சேர்ந்த கறுப்பு மையில் வைத்தவை. கரி யாரையும் தொந்தரவு செய்யாது. ஒவ்வொரு ரேகையும் நேற்று உருட்டி எடுத்தது போல இருந்தது. அவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு கையெழுத்து. இரும்பு மை, அதிலும் அழுத்தமாக, ஒவ்வொரு கோட்டின் மேலும் மறுபடி இழுத்து எழுதியது.

“கைநாட்டு வச்சவுக அம்புட்டுப் பேரும் நல்லா இருக்காக. கையெழுத்துப் போட்டவருக்குத்தான் இந்தக் கதி” என்றார் முத்தையா அண்ணன்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ‘க’ போய்விட்டது. ‘ரு’, ‘ப்’ தாங்கும். ‘பை’ பரவாயில்லை. கடைசி எழுத்தான ‘யா’வின் காலில் நீளமாக ஒரு விரிசல், இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அந்த யா போயிரக் கூடாது தாயி” என்றார் அவர். “க போனதுகூடப் போகட்டும்.”

ஏன் என்று கேட்டேன். செல்வராணி தாளின் நடுவில் ஒரு வரியைக் காட்டினார். மனு எழுதியவர் தன் கைப்பட எல்லார் பெயரையும் எழுதியிருந்தார். கந்தன், மாயன், கருப்பன். ஊரில் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அப்படியே எழுதியும் வைத்தார்கள். கீழே கையெழுத்தில், இவருடைய அப்பா தன் பெயரைக் ‘கருப்பையா’ என்று போட்டிருந்தார்.

“எழுத்து எங்க கத்துக்கிட்டாருன்னு நினைக்கீக?” என்றார் முத்தையா அண்ணன். “எருமை முதுகுல. குளிப்பாட்டி ஈரமா நிக்கிறப்ப வெரலால முடியை எதுத்து இழுத்தா கோடு நிக்கும்ல. அதுல எழுதிப் பழகினாரு. எருமை வாலை ஆட்டுச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து.”

“எங்க தாத்தா தன் மகன்க ரெண்டு பேருக்கும் முத்தையா, செல்லையான்னுதான் மேடம் பேரு வச்சாரு” என்றார் செல்வராணி. “எவன் கூப்பிட்டாலும் ஐயான்னு சொல்லித்தான ஆகணும்னு சொல்லுவாராம்.”

நான் பூதக்கண்ணாடியை மறுபடி அந்த ‘யா’வின் மேல் கொண்டுபோனேன்.

“ஒரு எழுத்துதானே மேடம்”

மறுவாரம் செல்வராணி தனியாக வந்தார். அவர் கட்டிய வீட்டுக்குத் தை மாதம் புதுமனை புகுவிழா. கூடத்தில் நட்டநடுவே இந்த மனுவைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறாராம். அதற்கு முன் என்னிடம் ஒரு கோரிக்கை.

“மேடம், அந்த ஓட்டையில நீங்களே ஒரு க எழுதிருங்க. மேல கருப்பன்னு இருக்குல்ல, அந்த க மாதிரியே போட்டாப் போதும். பெரியப்பாவுக்கு மனசு ஆறிரும். ஒரு எழுத்துதான மேடம்.”

“மாட்டேன்” என்றேன்.

கிழிந்த இடத்தை ஒட்டுவேன், ஓட்டையை அடைப்பேன், அடைத்த தாளுக்குப் பக்கத்து நிறமும் ஏற்றுவேன். எழுத மாட்டேன். எழுதினால் அது அவர் கையெழுத்து இல்லை, நான் போட்ட கள்ளக் கையெழுத்து. அதுவும் எந்த ‘க’? அவரைக் கருப்பன் என்று எழுதியவருடைய ‘க’வையா பார்த்து எழுதச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. கீழேயிருந்து என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

செல்வராணிக்கு முகம் சுண்டிவிட்டது. “அவரு நீட்டுன விரலை இன்னும் மடக்கல மேடம். நீங்க பாக்கல, நாங்க தினமும் பாக்குறோம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். லேமினேஷன் கடைக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன். நம் ஊரில் எதையும் சூட்டோடு பிளாஸ்டிக்கில் அடைத்துத் தந்துவிடுவார்கள், அதற்குப்பிறகு என்னைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு குடும்பத்து ஜாதகம் முழுவதும் அப்படி வெந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மாலையில் போன் வந்தது. முத்தையா அண்ணன்தான். “டீச்சருக்குக் கோவம் ஆறிரும். வைத்தியத்தை ஆரம்பிங்க தாயி. ஆனா நான் கூட இருப்பேன். கண்டக்டர் இல்லாம வண்டி கெளம்பக் கூடாது.”

தவிட்டு வைத்தியம்

அவருடைய பயம் தண்ணீர். தாளைத் தொட்டியில் முக்கப்போகிறேன் என்றதும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “ஈரம் ஆகாதுன்னீக. இப்ப நீங்களே குளிப்பாட்டுறீக?”

பாதி ஈரம்தான் ஆபத்து என்று விளக்கினேன். விரல் நுனி ஈரம் அந்தக் கெட்ட இரும்பைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். முழுக்க நனைத்தால் தண்ணீர் அதை வெளியே கொண்டுபோய்விடும். எழுத்தாக நிற்கும் கறுப்பு கரையாது. அதைக் குண்டூசி முனை அளவுக்குச் சோதித்துப் பார்த்துவிட்டேன், கைநாட்டு மையையும்தான்.

முதல் தொட்டி, சாராயச் சத்தும் தண்ணீரும். இரண்டாவது தொட்டியில்தான் உண்மையான மருந்து. நெல்லுத் தவிட்டில் இருக்கும் ஒரு அமிலத்திலிருந்து வரும் உப்பு அது, சுற்றித் திரியும் இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். மூன்றாவதில் சுண்ணாம்புச் சத்து, மிச்ச அமிலத்தை அடக்க.

“மாட்டுக்கு வைக்கிற தவிடா?”

“அதேதான்.”

“எருமைகிட்டக் கத்த எழுத்துக்குத் தவிட்டு வைத்தியம்” என்று சொல்லி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

தாளை இரண்டு வலைத்துணிகளுக்கு நடுவில் வைத்து முதல் தொட்டியில் இறக்கினேன். என் கண் ‘யா’வின் மேலேயே இருந்தது. நனைந்ததும் விரிசலின் ஓரம் லேசாக எழும்பியது. அந்த நேரத்தில் மூச்சுவிடக்கூடக் கூடாது என்பது என் வழக்கம். வலைத்துணி பிடித்துக்கொண்டது. எழும்பிய கால் மெதுவாகப் படிந்தது.

பிறகுதான் தண்ணீரைக் கவனித்தேன். மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்தது. மூலைகளிலிருந்தும் கையெழுத்திலிருந்தும், இத்தனை வருடப் பொட்டுகளும் ஒன்றாகக் கரைந்து தொட்டி முழுவதும் இளமஞ்சளாகிவிட்டது. தாளை அடுத்த தொட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய தண்ணீரைக் கொட்டுவதற்குத் தூக்கினேன்.

“கீழ ஊத்தாதீக” என்றார்.

துணிப்பையிலிருந்து வெற்றிலை டப்பாவை எடுத்தார். சுண்ணாம்பை ஒரு கிள்ளு எடுத்து அந்த மஞ்சள் தண்ணீரில் போட்டு, நீட்டியே வைத்திருந்த அந்த விரலால் கலக்கினார். தண்ணீர் சிவந்தது. ஆலத்தி. பிள்ளை பெற்று வீட்டுக்கு வருகிறவளுக்கும் புது மாப்பிள்ளைக்கும் எடுக்கிற அதே சிவப்பு, அடியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு.

என் ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்பு, வெற்றிலை, திறந்த டப்பா எதற்கும் அனுமதி கிடையாது. மாணவர்களாக இருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

தொட்டியைக் கையில் ஏந்தி, மருந்தில் கிடந்த தாளைச் சுற்றி ஆலத்தி எடுத்தார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிறகு தொட்டியை மேசையில் வைத்துவிட்டு விரலைச் சிவப்பில் தோய்த்தார். ஆலத்தி எடுத்தால் பொட்டு வைக்க வேண்டும். விரல் தாளை நோக்கிப் போனது.

நான் தடுத்திருக்க வேண்டும். மனிதர் கையைப் பிடிப்பதா, தாளை இழுப்பதா என்று தெரியாமல் நின்றேன். இழுத்தால் ‘யா’ போய்விடும்.

தாளுக்கு ஒரு சாண் மேலே விரல் நின்றது. சிவப்பு ஒரு சொட்டு நுனியில் திரண்டது. அது விழுவதற்குள் கையைத் திருப்பித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

“இனிமே பொட்டு இங்கதான்” என்றார். “பழகிக்கிருவேன்.”

தொட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்த் தெருமுனையில் கொட்டிவிட்டு வந்தார். என்ன விசேஷம் என்று எதிர்வீட்டம்மா கேட்டார்களாம். அப்பாரைக் குளிப்பாட்டினோம் என்று சொன்னாராம். அந்தம்மா அதற்குப்பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ரைட்

காய்ந்த தாளுக்கு மெல்லிய ஜெலட்டின் பூசி, ‘யா’வின் பின்னால் கொசுவலையைவிட மெல்லிய ஜப்பான் தாளை ஒட்டி முடிக்கத் தை பிறந்துவிட்டது. ‘யா’ இப்போது அசையாது. ‘க’ இருந்த இடத்தில் வெறும் பழுப்புத் தாள். அசலை வெளிச்சம் படாத அட்டைப்பெட்டியில் வைத்தேன். கூடத்தில் மாட்ட நல்ல நகல் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அதற்கு எத்தனை பொட்டு வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இருவரும் வாங்கிப் போக வந்தார்கள். செல்வராணி கோபமெல்லாம் ஆறி, சீனி மிட்டாய் வாங்கி வந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் கண் நேராக அந்த வெற்றிடத்துக்குத்தான் போனது.

“ருப்பையா” என்று மெதுவாகப் படித்தார். “வீட்டுக்கு வாரவுக கேப்பாகளே பெரியப்பா, முன்னால என்னா எழுத்துன்னு.”

“கேக்கட்டும்.”

பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று வழக்கமான தாளை நீட்டினேன். செல்வராணி பேனாவை எடுக்கப் போனார். பெரியவர் அதை வாங்கிக்கொண்டார். விரல் மடங்கியிருந்தது.

முதலில் ஒரு ‘க’ போட்டார். அதன் மேலேயே திருப்பி இழுத்தார். இன்னும் அழுத்தி இன்னொரு தடவை. பக்கத்தில் ஒரு புள்ளி. அப்புறம்தான் முத்தையா.

“இந்தா இருக்குல்ல” என்றார் செல்வராணியிடம். “நான் தின்னா வேற எங்க போகும்?”

செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “ரைட்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் முன்னால் படியிறங்கினார்.

அவர்கள் போனதும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனா, இரும்பு கிடையாது, எதையும் அரிக்காது. திருப்பிப் பின்பக்கம் தடவினேன். ‘க’ விரலில் தட்டுப்பட்டது.